டிரக் கேம்பரில் மூன்றாவது ப்ரோபேன் சிலிண்டர்: எங்கே வைக்கலாம், எங்கே வைக்கவே கூடாது

அமெரிக்காவிலும் கனடாவிலும் டிரக் கேம்பர் (பிக்கப் டிரக்கின் பின்தொட்டியில் ஏற்றி வைக்கும் சின்ன நடமாடும் வீடு) வைத்திருப்பவர்கள் குளிர்காலம் நெருங்கும்போது கேட்கும் கேள்வி இது: "கேம்பரோடு வந்த இரண்டு ப்ரோபேன் எரிவாயு சிலிண்டர் போதவில்லை. இன்னொன்று எடுத்துப்போக வேண்டும். அதை எங்கே வைப்பது?"

டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தவிப்பு இல்லை. முன்னால் நீண்டிருக்கும் இழுவைச் சட்டத்தில் இடம் இருக்கிறது. டிரக் கேம்பரில் அப்படி எதுவும் கிடையாது. பின் பம்பர், கூரை, பிக்கப் பின்தொட்டியின் இடுக்கு, பின்சீட்டு என்று எங்கே இடம் தெரிகிறதோ அங்கே கட்டி வைக்கத் தோன்றும். இடம் இருக்கிறது என்பது மட்டும் ஒரு தகுதி ஆகாது. முதலில் எதை வைத்து எடைபோடுவது என்று முடிவு செய்துகொள்வோம்.

## எதைப் பார்த்து முடிவெடுப்பது

கசிந்தால் எங்கே போகும்? மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் தருவேன். ப்ரோபேன் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது. தண்ணீர்போலத் தாழ்வான இடம் தேடிப் போய்த் தேங்கும். காற்றில் 2 சதவீதத்தைச் சற்றுத் தாண்டினாலே தீப்பிடிக்கும் அளவு வந்துவிடும். அதனால் சிலிண்டருக்குக் கீழே திறந்தவெளி இருக்க வேண்டும். கசிவு கேம்பருக்குள்ளோ டிரக்கின் குழிகளுக்குள்ளோ போக வழி இருக்கக் கூடாது.

மோதினால் முதலில் அடிபடுவது எது? சிலிண்டரின் உடல் தடித்த எஃகு. பலவீனமான இடம் அதன் தலையில் இருக்கும் வால்வு.

நிமிர்ந்து நிற்குமா? நிமிர்த்தி வைக்கும் வகைச் சிலிண்டரில், அழுத்தம் மிஞ்சினால் தானே திறக்கும் பாதுகாப்பு வால்வு மேலே வாயு இருக்கும் பகுதியில் இருக்கும்படி அமைத்திருப்பார்கள். படுக்க வைத்தால் அந்த வால்வு திரவத்துக்குள் மூழ்கிவிடும். அப்போது அது திறந்தால் வெளியேறுவது திரவம். திரவ ப்ரோபேன் வாயுவாகும்போது சுமார் 270 மடங்கு விரியும். கேம்பருக்கென்றே வரும் படுக்கைவாட்டு சிலிண்டர்கள் வேறு அமைப்பு. அவற்றையும் குறித்த பக்கம் மேலே இருக்கும்படிதான் வைக்க வேண்டும்.

எடை எங்கே ஏறுகிறது? 20 பவுண்டு சிலிண்டர் என்பது உள்ளே இருக்கும் வாயுவின் கணக்கு. வெற்று எஃகு சிலிண்டரே 17 பவுண்டு அளவுக்கு வரும். ஆக, நிரப்பியது 37 பவுண்டு.

அப்புறம், எளிதில் எடுக்க முடிகிறதா, திருட்டுப் போகுமா, சுரங்கப்பாதையிலும் படகிலும் அனுமதிப்பார்களா என்பவையும் உண்டு.

## ஒன்று: கூடுதலாக எதுவுமே எடுக்காமல் இருப்பது

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பலருக்கு மூன்றாவது சிலிண்டர் தேவையே இல்லை. இருக்கிற இரண்டைக் கையாளும் முறைதான் கோளாறு.

ஒரு பவுண்டு ப்ரோபேனில் சுமார் 21,500 பிடியூ (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் இருக்கிறது. 20,000 பிடியூ ஹீட்டர் ஒரு மணி நேரம் தொடர்ந்து எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு பவுண்டு தீரும். கடுங்குளிரில் அது விட்டு விட்டு எரிந்து, ஒரு நாளில் மொத்தம் 6 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஐந்தரை பவுண்டு போகும். வாயுவில் ஓடும் ஃப்ரிட்ஜுக்கு ஒன்றரை பவுண்டு. சமையலுக்கும் சுடுதண்ணீருக்கும் ஒரு பவுண்டு. ஆக நாளொன்றுக்கு 8 பவுண்டு. இரண்டு 20 பவுண்டு சிலிண்டர் 5 நாளைக்கு வரும். கோடையில் ஹீட்டர் ஓடாது, இரண்டரை பவுண்டுதான் செலவு. அதே இரண்டு சிலிண்டர் இரண்டு வாரத்தைத் தாண்டும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று பேட்டரி. ஹீட்டரின் விசிறி 12 வோல்ட் மின்சாரத்தில் ஓடுகிறது, 4 ஆம்பியர் என்று வைத்தால் 6 மணி நேரத்துக்கு 24 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியில் பாதியைத்தான் கெடுக்காமல் பயன்படுத்தலாம். இரண்டாவது நாள் முடிவில் விசிறி நின்றுவிடும். சிலிண்டரில் வாயு பாக்கி இருக்கும், ஹீட்டர் எரியாது. மூன்றாவது சிலிண்டரைச் சுமப்பதற்கு முன்னால், பேட்டரியும் சோலார் பலகையும் அத்தனை நாள் தாங்குமா என்று பாருங்கள். தாங்காது என்றால் அந்த 37 பவுண்டு வீண் சுமை.

அடுத்து, தானாக மாறும் ரெகுலேட்டர். ஒரு சிலிண்டர் தீர்ந்ததும் அது சத்தமில்லாமல் அடுத்ததுக்கு மாறிவிடும். இரண்டு வால்வையும் திறந்து வைத்திருந்தால், இரண்டும் தீர்ந்த பிறகுதான் பலருக்கு விஷயமே தெரியும். ஒன்றை மட்டும் திறந்து வையுங்கள், மற்றதை மூடி வையுங்கள். வாயு நின்றதும் கையால் இரண்டாவதைத் திறந்துவிட்டு, அடுத்து வரும் நிலையத்திலேயே முதலாவதை நிரப்புங்கள். இந்தப் பழக்கம் ஒன்றே பாதிப் பேருக்கு மூன்றாவது சிலிண்டரின் வேலையைச் செய்துவிடும்.

மறைமுகச் செலவும் உண்டு. காலிச் சிலிண்டரைக் கொடுத்து நிரம்பியதை வாங்கும் கூண்டுகளில் பெரும்பாலும் 15 பவுண்டு வாயுதான் இருக்கும், 20 இல்லை. நிரப்பும் நிலையத்துக்குப் போனால் முழுதாகக் கிடைக்கும். படுக்கைவாட்டு சிலிண்டர் வைத்திருப்பவர்களுக்கு மாற்றிக்கொள்ளும் வசதி கிடையாது, நிரப்பித்தான் ஆக வேண்டும்.

ஊர்களை ஒட்டிப் பயணிப்பவர்கள், கோடையில் மட்டும் போகிறவர்கள், ஓரிடத்தில் மூன்று நான்கு நாளுக்குமேல் தங்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

## இரண்டு: பின்னால் ஹிட்ச் மீது தாங்கி

டிரக்கின் பின்னால் டிரெய்லரை மாட்டும் இணைப்பில் (ஹிட்ச்) செருகும் தாங்கி இது. அதிகம் பேர் தேர்ந்தெடுப்பதும் இதுதான். வாங்குவது எளிது, மாட்டுவது எளிது, சிலிண்டர் திறந்தவெளியில் நிமிர்ந்து நிற்கும். கசிந்தால் நேராகக் கீழே இறங்கிக் காற்றில் கலந்துவிடும். முதல் கேள்வியில் நல்ல மதிப்பெண்.

இரண்டாவது கேள்வியில்தான் தடுமாறுகிறது. பின்னால் வருகிறவர் பிரேக் பிடிக்கத் தவறினால் முதலில் நசுங்குவது இந்தத் தாங்கி. அமெரிக்காவில் ஆர்வி எனும் வீட்டு வசதி வண்டிகளைக் கட்டுவதற்கு என்எஃப்பிஏ என்ற தீத்தடுப்பு அமைப்பு வகுத்த 1192 தரநிலை, ப்ரோபேன் கலன்களைப் பின் பம்பரிலோ பின்சுவரின் வெளிப்புறத்திலோ பொருத்தக் கூடாது என்கிறது. அது வாகனம் கட்டுகிறவர்களுக்கான விதி. நாம் கழற்றி மாட்டும் தாங்கிக்கு அந்த விதி நேரடியாகப் பொருந்துமா என்று வாதாடலாம். ஆனால் விதி சுட்டும் ஆபத்து இரண்டுக்கும் ஒன்றுதான்.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. பெரும்பாலான டிரக் கேம்பர்களில் வாசல் பின்னால் இருக்கிறது. அந்த வாசலுக்கு நேர் கீழே, படிக்கட்டுப் பக்கத்தில்தான் இந்தச் சிலிண்டர் நிற்கும். அங்கே தீப்பிடித்தால் உள்ளே தூங்குகிறவர்கள் வெளியேறும் வழி அடைபட்டுவிடும். மிச்சமிருப்பது படுக்கைக்கு மேலே இருக்கும் அவசர ஜன்னல்தான். குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்கள் அந்த ஜன்னல் வழியாக இறங்க முடியுமா என்று ஒருமுறை பகலில் முயன்று பாருங்கள்.

எடைக் கணக்கும் நினைப்பதைவிடக் கடுமையானது. கேம்பர் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதால் ஹிட்சுக்கு நீட்டிப்பு போட வேண்டியிருக்கும். தாங்கி, நீட்டிப்பு, இரண்டு சிலிண்டர் எல்லாம் சேர்த்து 120 பவுண்டு, அது பின்அச்சுக்கு 8 அடி பின்னால் நிற்கிறது, டிரக்கின் இரண்டு அச்சுக்கும் நடுவே 14 அடி என்று வைத்துக் கணக்குப் போட்டால், முன்சக்கரங்களிலிருந்து 69 பவுண்டு குறையும், பின்அச்சில் 189 பவுண்டு கூடும். ஏற்கெனவே பின்அச்சு வரம்பை ஒட்டி ஓடும் டிரக்கில் இது சின்ன விஷயம் இல்லை. ஓட்டுநர் கதவுப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் எடை வில்லையைப் பார்த்துவிட்டு, நிரம்பிய கேம்பரோடு எடைமேடைக்குப் போய் வாருங்கள்.

சரி, இதெல்லாம் தெரிந்தும் இதைத்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றால்: இரண்டு வேண்டாம், ஒன்று போதும். கேம்பர் சுவரை ஒட்டி, அகலத்தின் நடுப்பகுதியில் நிறுத்துங்கள். சிலிண்டருக்கு வெளிப்பக்கம் எஃகுச் சட்டம் இருக்கட்டும். புகைக்குழாய் எந்தப் பக்கம் வெளியேறுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் தள்ளி வையுங்கள். முகாமுக்குப் போய்ச் சேர்ந்ததும் சிலிண்டரைக் கழற்றி, வாசலிலிருந்து எட்டி, அடுப்பு மூட்டும் இடத்துக்கு அப்பால், தரையில் நிமிர்த்தி வைத்துவிடுங்கள். நீண்ட நாள் ஒரே இடத்தில் தங்கி, ஓட்டும் நேரம் குறைவாக இருப்பவர்களுக்கு இப்படிச் செய்தால் ஒத்துவரும். தினமும் நெடுஞ்சாலையில் ஓடுகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

## மூன்று: தட்டைத்தளத்துக்குக் கீழே காற்றோட்டப் பெட்டி

பின்தொட்டியை எடுத்துவிட்டுத் தட்டைத்தளம் போட்ட டிரக் என்றால், பக்கவாட்டில் தொங்கும் உலோகப் பெட்டிதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. எடை தாழ்வாகவும் இரு அச்சுகளுக்கு நடுவிலும் நிற்கும். வண்டியின் முதுகெலும்புச் சட்டம் ஒரு பக்கம் காவல். கதவைப் பூட்டலாம்.

பெட்டியின் அடித்தளத்தில் திறப்பு கட்டாயம் வேண்டும். சாதாரணக் கருவிப்பெட்டியில் தண்ணீர் புகாதபடி ரப்பர் போட்டு அடைத்திருப்பார்கள். அதில் சிலிண்டரை வைத்தால் கசிவு உள்ளேயே தேங்கி, கதவைத் திறக்கும் நேரத்துக்காகக் காத்திருக்கும். தரையில் துளைகளும் கதவில் காற்றிடுக்குகளும் இருக்கட்டும். அதே பெட்டியில் பேட்டரி, இன்வெர்ட்டர், ஒயர் இணைப்பு எதுவும் கூடாது. புகைக்குழாய் அந்தப் பக்கம் ஓடினால் பெட்டியை மறுபக்கம் மாற்றுங்கள், முடியாவிட்டால் வெப்பத் தடுப்புத் தகடு போடுங்கள்.

செலவு அதிகம், தட்டைத்தளம் இல்லாதவர்களுக்கு இது கிடையாது. ஆனால் ஆண்டில் பல மாதம் கேம்பரில் வாழ்கிறவர்கள் வண்டியைக் கட்டும்போதே இதையும் சேர்த்துக் கட்டிக்கொள்வது நல்லது.

## நான்கு: பின்னால் இழுக்கும் டிரெய்லரின் முன்சட்டம்

படகோ சின்ன டிரெய்லரோ இழுத்துப் போகிறீர்கள் என்றால் கேள்வி முடிந்தது. அதன் இழுவைச் சட்டத்தில் சிலிண்டர் தாங்கியைப் போல்ட் போட்டு முடுக்கி வைத்துவிடலாம். மூடிய டிரெய்லருக்குள் மட்டும் வைக்காதீர்கள்.

## ஐந்து: சின்ன சிலிண்டர்கள்

11 பவுண்டு, 5 பவுண்டு அளவுகளிலும் திரும்ப நிரப்பும் சிலிண்டர் கிடைக்கிறது. நிரம்பிய 11 பவுண்டு சிலிண்டரை ஒரு கையால் தூக்கலாம். டிரக்கின் உலோகச் சட்டத்தில் பிடிபோட்டு நிமிர்த்திக் கட்ட இது வசதியான அளவு. கேம்பரின் பக்கச் சுவரில் நேராகத் திருகாதீர்கள். வெளித்தோல் மெல்லியது. உள்ளே தாங்குசட்டம் எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் திருகினால் குலுக்கலில் பிய்ந்துவரும், மழைநீரும் இறங்கும்.

அவசரத்துக்கு ஒரு நாள் கூடுதல் வெப்பம், வெளியில் சமைக்க ஓர் அடுப்பு, இவ்வளவுதான் தேவை என்றால் இந்த அளவு போதும். குறை என்னவென்றால் கடுங்குளிரில் சின்ன சிலிண்டர் மூச்சு வாங்கும். ப்ரோபேன் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி செல்சியஸ். வெளிக்குளிர் அதை நெருங்க நெருங்க அழுத்தம் விழும். வாயுவாக மாறத் தேவையான வெப்பத்தைச் சிலிண்டர் தன் சுவர் வழியாகத்தான் இழுக்க வேண்டும், சின்னதில் அந்தச் சுவர்ப்பரப்பு குறைவு. பெரிய ஹீட்டரை அதில் ஓட்டினால் சிலிண்டர் மீது பனி படிந்து, சுடர் சுருங்கும்.

ஒரு பவுண்டு பச்சைக் குப்பிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் அந்தக் குப்பிகளைச் சிலர் வீட்டிலேயே நிரப்பி எடுத்துப் போகிறார்கள். நிரப்பிய குப்பியைச் சாலையில் கொண்டுபோவது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். 5 லட்சம் டாலர் வரை அபராதமும் 5 ஆண்டு வரை சிறையும் உண்டு என்று குப்பியிலேயே அச்சிட்டிருக்கும். சட்டத்தை விட்டுவிட்டாலும், பலமுறை திறந்து மூடுவதற்காகச் செய்த வால்வு இல்லை அது.

## ஒரே பார்வையில்

| இடம் | கசிந்தால் | மோதினால் | எடை | யாருக்கு |
|---|---|---|---|---|
| கூடுதல் வேண்டாம் | புது ஆபத்து இல்லை | புது ஆபத்து இல்லை | ஏதும் இல்லை | பெரும்பாலோருக்கு |
| பின் ஹிட்ச் தாங்கி | நன்று, ஆனால் வாசலருகே | மோசம் | பின்அச்சில் கூடுதல் சுமை | நீண்ட நாள் ஓரிடத்தில் தங்குவோருக்கு |
| தட்டைத்தளப் பெட்டி | அடியில் திறப்பு இருந்தால் நன்று | நன்று | நன்று | முழுநேரப் பயணிகளுக்கு |
| டிரெய்லர் முன்சட்டம் | நன்று | நன்று | டிரக்கின் ஹிட்சில் கொஞ்சம் | டிரெய்லர் இழுப்போருக்கு |
| 5 அல்லது 11 பவுண்டு | கட்டும் இடத்தைப் பொறுத்தது | கட்டும் இடத்தைப் பொறுத்தது | குறைவு | அவசரத் தேவைக்கு |

## எந்த நிலையிலும் வேண்டாதவை

கேம்பருக்குள், மேசைக்கடியில், குளியலறையில் "இன்று ஒரு நாள் மட்டும்" என்று வைப்பதை முதலில் நிறுத்த வேண்டும். அதே 1192 தரநிலை, ஆர்விக்குள் ப்ரோபேன் கலனைத் தற்காலிகமாகக்கூட வைக்க இடமளிக்கக் கூடாது என்கிறது. கையடக்க விளக்கு போன்ற சின்னக் கருவிகளுக்கு மட்டும்தான் விலக்கு.

கேம்பருக்கும் பின்தொட்டிச் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடுக்கு பார்க்கக் கச்சிதமாக இருக்கும், வெயில் படாது, திருடன் கண்ணிலும் படாது. ஆனால் அது நான்கு பக்கமும் சுவர் வைத்த தொட்டி. கனமான வாயு தேங்குவதற்கு அதைவிட வாகான இடம் வண்டியில் இல்லை. கேம்பருக்குப் போகும் மின்இணைப்பும் பல வண்டிகளில் அங்கேதான் இருக்கிறது.

கூரையில் வைத்தால் வாயு கீழே இறங்கும்போது திறந்திருக்கும் கூரைத் துவாரம் வழியாக உள்ளேயே போகலாம். 37 பவுண்டை ஏணியில் தூக்கிக்கொண்டு ஏறுவதும் ஆபத்து, தாழ்ந்த கிளை வால்வில் உரசுவதும் ஆபத்து. முன் பம்பர் மோதலில் முதல் பலி. ஓட்டுநர் அறையின் பின்சீட்டு, நிரப்பிய கையோடு முகாமுக்குத் திரும்பும் தூரத்துக்குக்கூட எனக்கு மனம் ஒப்பாத இடம். வேறு வழியே இல்லாவிட்டால் ஜன்னலைத் திறந்துவைத்து, நிமிர்த்திக் கட்டி, எங்கேயும் நிறுத்தாமல் போய்விட வேண்டும்.

## எதைத் தேர்ந்தெடுத்தாலும்

ஓடும்போது கூடுதல் சிலிண்டரின் வால்வு மூடியிருக்க வேண்டும், வாய்க்கு அடைப்பு போட்டிருக்க வேண்டும். ஒரே ஒரு ரப்பர் கயிறு போதாது. மேலே ஒன்று, நடுவில் ஒன்று என்று ராட்செட் பட்டையால் (நெம்பி இறுக்கும் பூட்டு உள்ள பட்டை) இறுக்குங்கள், அடிவளையமும் நகராமல் ஒரு குழிக்குள் உட்கார வேண்டும். குளிர்நாட்டுச் சாலையில் தூவும் உப்பு முதலில் அரிப்பது அந்த அடிவளையத்தைத்தான். குனிந்து பார்த்தால் ஒழியத் தெரியாது. புது இணைப்பு போடும்போதெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

வெயிலில் வெடித்துவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் நிறைய. சரியாக நிரப்பிய சிலிண்டரில் 80 சதவீதம்தான் திரவம், மிச்சம் விரிவதற்கான இடம். 38 டிகிரி வெப்பத்தில் உள்ளழுத்தம் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டை ஒட்டி இருக்கும். பாதுகாப்பு வால்வு திறப்பது 375-இல். அளவுக்கு மீறி நிரப்பியதுதான் ஆபத்து. முக்கோணக் கைப்பிடி கொண்ட வால்வு உள்ள சிலிண்டரில் அதைத் தடுக்கும் மிதவை இருக்கும். வட்டமான பழைய கைப்பிடி இருந்தால் அந்தச் சிலிண்டரை ஓய்வுக்கு அனுப்புங்கள்.

கழுத்துப்பட்டையில் பொறித்த தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் பாருங்கள். அமெரிக்காவில் 12 ஆண்டு ஆனதும் மறுசோதனை செய்யாமல் நிரப்ப மாட்டார்கள். கனடாவில் அந்தக் கணக்கு 10 ஆண்டு. அமெரிக்கச் சிலிண்டரோடு எல்லை தாண்டுகிறவர்கள், பதினோராவது ஆண்டில் இருப்பதை வீட்டில் விட்டுவிட்டுப் போவது நல்லது.

கடைசியாக வழித்தடம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஃபோர்ட் மெக்ஹென்றி சுரங்கப்பாதையிலும் ஹார்பர் சுரங்கப்பாதையிலும் 10 பவுண்டுக்கு மேற்பட்ட ப்ரோபேன் கலனோடு போக முடியாது. கேம்பரில் பொருத்தியிருக்கும் 20 பவுண்டு சிலிண்டரும் இதில் அடக்கம். முன்பு இப்படிப்பட்டவர்கள் கீ பாலம் வழியாகச் சுற்றிப் போவார்கள். 2024 மார்ச் 26 அன்று கப்பல் மோதி அந்தப் பாலம் விழுந்துவிட்டது. அதனால் 695 வட்டச்சாலையின் மேற்குப் பாதி வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது, அதற்கான நேரத்தையும் டீசலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். படகுச் சேவைகள் வால்வை மூடச் சொல்வார்கள். பொருத்தாமல் தனியாகக் கொண்டுவரும் சிலிண்டருக்குச் சில இடங்களில் தனி வரம்பு உண்டு. சீட்டு எடுக்கும்போதே எத்தனை சிலிண்டர், எந்த அளவு என்று சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.